றொசல்ல ஸ்டேசனில் பனி

—நெசமாத்தான் போறியா, அம்மாக்கண்ணு?

—டிக்கெட்டு எடுத்து முந்தானையில முடிஞ்சாச்சு. றொசல்ல ஸ்டேசன் பெஞ்சியில வந்து குந்தியாச்சு. இன்னமும் கேட்டுக்கிட்டே இருங்க.

—வலப்பனையில ஒங்க அண்ணன் வந்து நிப்பாரா?

—நிக்காட்டி என்ன? கேட்டுக்கேட்டுப் போறேன். வாயி இருக்குல்ல.

—அது இருக்கு. அதுக்கு ஒரு கொறச்சலும் இல்ல புள்ள.

—ஆத்தாடி, சிரிக்க வைக்காதீங்க. புருசன விட்டுட்டுப் போறவ சிரிச்சுக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?

—விட்டுட்டா போற? கொஞ்ச நாளைக்குன்னு சொன்ன?

—லயத்து வரிச வீட்டு ஆளுங்களுக்கு அப்புடிச் சொன்னேன். ஒங்களுக்கு ஏன் பொய்யி? நான் வரமாட்டேங்க.

—நான் என்ன செஞ்சேன்? நாம ஒரு சண்டகூடப் போடலயே.

—அதான். சண்டகூட இல்ல. கொழும்பு ஆஸ்பத்திரியில மார அறுத்துப் போட்டுட்டு வந்த நாள்லருந்து என்னைய ஒரு ஏச்சு ஏசினீங்களா? சோறாக்குறீங்க. பீலியில தண்ணி புடிச்சாறீங்க. ஆம்பள தண்ணிக்கொடம் தூக்குறான்னு பொம்பளைங்க சிரிச்சாலும் தூக்குறீங்க. பொழுது சாஞ்சா மட்டும் கம்பளியச் சுருட்டிக்கிட்டு வாசல் இஸ்தோப்புத் திண்ணைக்குப் போயிர்றீங்க. என்னங்க? ஆளையே காணோம். இருக்கீங்களா?

—இங்கதான் இருக்கேன். பனி எறங்கிருச்சு. ஒன் மொகமே தெரியல.

—தெரியாம இருக்கட்டும். மொகத்தப் பாத்தா இதெல்லாம் பேச வருமா எனக்கு? தண்டவாளமும் போயிருச்சு பாருங்க. எங்க இருக்கோம்னே தெரியல. ரெண்டு பேரும் மேகத்துல குந்தியிருக்காப்புல இருக்கு.

—குளுருதா?

—இல்ல. எனக்கு ஒரு கனா வருதுங்க, தெனமும். மலையில நெர புடிச்சு நிக்கிறேன். பறிக்கிறேன் பறிக்கிறேன், கூட நெறைய மாட்டேங்குது. திரும்பிப் பாத்தா கூடைக்குள்ள கொழுந்தே இல்ல. பனிதான் இருக்கு. கொண்டுபோயித் தராசுல மாட்டுறேன். அந்தப் பனி தராச இழுத்துக்கிட்டுக் கீழ போகுது. அம்புட்டுக் கனம்.

—எனக்கும் ஒரு கனா. சொன்னா சிரிப்ப.

—சிரிக்கல. சொல்லுங்க.

—நம்ம லயம் பூராவும் ரெயிலு மாதிரி நகருது. எல்லாக் காம்பரா வீடும் தெறந்து கெடக்கு. நம்ம கதவு மட்டும் சாத்தியிருக்கு. நான் தட்டிக்கிட்டே கூட ஓடியாறேன். நீ உள்ள இருக்க. தெறக்க மாட்டேங்குற.

—வெளிய போயிப் படுத்தவரு நீங்க. கதவ நான் சாத்துனேனாக்கும்?

—யாரு அங்க? ஆண்டியப்பன்ட சத்தம் மாதிரி ஈக்கி.

—நான்தான் நானா. ஊட்டுக்காரியும் இருக்கா. அம்மாக்கண்ணு, நம்ம பொடவக்கட மஃறூப் நானா.

—கோச்சி வட்டவளைய உட்டுட்டாம், ஸ்டேசன் மாஸ்டர் செல்றாரு. பனியில பையப் பையத்தான் வரும். நான் அந்தப் பக்கம் மூட்டைக்கிட்ட நிக்கிறன், என்ன.

—சரி நானா... கேட்டியா, வட்டவளைய விட்டுருச்சாம்.

—கேட்டேன். நீங்க ஒரு நல்ல பொண்ணாப் பாத்துக் கட்டிக்கங்க. புள்ளகுட்டி இல்லாத வீடு. என்னால இனி ஒங்களுக்கு என்ன இருக்கு? பாக்கவே கூசுற ஒடம்பு.

—யாருக்குக் கூசுது?

—ஒங்களுக்கு. இல்லன்னா ஏன் கிட்ட வரல?

—இந்தக் கையப் பாரு. தெரியலன்னா தடவிப் பாரு.

—ஏன், இந்தக் கைக்கு என்ன?

—தேயிலச் செடிய நறுக்கிக் கவ்வாத்து வெட்டுற கை. நகக்கண்ணு பூராவும் மண்ணு, தேயில மரத்துப் பாசி. சாம்பலப் போட்டுத் தேச்சாலும் போகாது. கொழும்பு ஆஸ்பத்திரியில நர்ஸ் மிஸ்ஸி என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னிச்சு, புண்ணு ஆறுற வரைக்கும் மண்ணு கை படக்கூடாது, சீழ் புடிச்சா ஆளு தங்காதுன்னு. தூக்கத்துல தெரியாமக் கையப் போட்டுருவேனோன்னு பயம் புள்ள. அதான் வெளிய படுத்தேன்.

—அட பாவி மனுசா! மாசியில காமன் கூத்து நடந்துச்சே, அப்பவே ஆறிப்போச்சு!

—எனக்கு யாரு சொன்னா?

—கேக்குறதுக்கு வாயில்லயா?

—எப்புடிக் கேப்பேன்? வெளக்க அணைச்சுட்டுத்தான் சட்ட மாத்துற. நான் உள்ள வந்தா செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிற. இன்னும் ரணமா இருக்கும், அதான் மறைக்கிறான்னு நெனச்சேன்.

—நீங்க பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டா நான் செத்துருவேன்னுதான மறைச்சேன்.

—கிறுக்கச்சி. நல்லா அழு. நானும் அழுவுறேன், பனியில யாருக்குத் தெரியப்போகுது? அழுது முடிச்சுட்டு மூட்டையக் குடு. வீட்டுக்குப் போவோம்.

—இல்லங்க. நான் போறேன்.

—இன்னும் என்னடி?

—நீங்க என்னைய வெறுத்துட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புடி நெனச்சாத்தான் கெளம்ப முடிஞ்சிச்சு. இப்ப அதையும் புடுங்கிட்டீங்க.

—அப்ப எதுக்குத்தான் கெளம்புன? சொல்லு.

—கையக் குடுங்க. இப்புடி. அந்தப் பக்கம் இல்ல, அது ஆறிருச்சு. இந்தப் பக்கம், நல்லா இருக்குற பக்கம். இன்னும் கொஞ்சம் அடியில... தட்டுப்படுதா?

—அம்மாக்கண்ணு...

—கட்டி மொதல்ல கடலக்கொட்ட மாதிரிதான் இருந்துச்சு. இப்ப வளந்துருச்சு. போன தடவ ஆஸ்பத்திரி வாசல்ல தரையில குந்தி நீங்க அழுதத அந்த மிஸ்ஸிதான் என்கிட்ட சொன்னிச்சு. மறுபடியும் ஒங்கள அந்த வாசல்ல குந்த வைக்க எனக்கு மனசு வரலங்க. அண்ணன் வீட்டுல ஒரு மூலையில கெடந்து போயிர்றேன். நீங்க பாக்க வேணாம்.

—ஆண்டியப்பன்! கோச்சி வந்துட்டு! பொம்பளையப் பாத்துக் கையப் புடிச்சு ஏத்து, படியெல்லாம் ஈரம்!

—இது போகட்டும் நானா. கொழும்புக்கு எறங்குற கோச்சி எத்தன மணிக்கு? நாங்க ரெண்டு பேரும் போறோம்.