தோட்டத்துக்குப் பொருத்தமானவர்கள்

தம்பியின் இணையதளத்திலிருந்து நான் முதலில் நீக்கியது நீரூற்றுப் படத்தைத்தான், மேடம். நீரூற்றைப் பார்த்து வருகிறவர்கள் நீரூற்று மட்டும்தான் கேட்பார்கள்.

என் தம்பி நிலவழகன் தோட்டங்களை வடிவமைக்கிறவன். படித்துவிட்டுக் கறம்பக்குடிக்கே திரும்பி வந்து தொழில் தொடங்கினான். வந்தவர்களெல்லாம் பிளாஸ்டிக் புல் விரிக்கச் சொன்னார்கள். ஒருவர் சிமெண்ட் அன்னம் வேண்டும் என்று அடம்பிடித்தார். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொள்வான். நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அவனுடைய இணையதளத்தைச் சரிசெய்வது என் பொறுப்பாயிற்று. அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவனைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?

குளத்தூரில் அடைக்கலமேரி என்ற அம்மாள், இறந்துபோன கணவரின் நினைவாக ஒரு தோட்டம் கேட்டிருந்தார். ஒரு புங்கமரம், அதன் கீழே கல் பெஞ்சு, சுற்றிலும் வெட்டிவேர். தம்பி மனம் ஒன்றிச் செய்த ஒரே வேலை அது. மற்ற படங்களையெல்லாம் நீக்கிவிட்டு அதை மட்டும் முகப்பில் வைத்தேன். ‘அவர்கள் இல்லாத இடத்தில் ஒரு நிழல்’ என்று கீழே எழுதினேன்.

அதன்பிறகு வந்த அழைப்புகள் வேறு மாதிரி இருந்தன. பேசும்போதே குரல் உடைந்தது. யாரும் அன்னம் கேட்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. தம்பி மனசுக்குத் தோன்றுகிறபடி செய்யட்டும் என்றார்கள். துக்கத்தில் இருப்பவர்களைப் போல நல்ல வாடிக்கையாளர்கள் கிடையாது. இதை இரக்கமில்லாமல் சொல்லவில்லை. அந்த மாதங்களில் தம்பி வேளாவேளைக்குச் சாப்பிட்டான்.

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கும் நாகராசுவும் அப்படித்தான் அழைத்தார். அவருடைய தாயார் ராஜலட்சுமி பக்கவாதத்தில் பேச்சிழந்து படுத்திருந்தார். டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்த பெரிய இடம். அம்மா போனபிறகு அவர் பெயரில் அங்கே தோட்டம் வேண்டும் என்றார். தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைய உட்கார்ந்தான். உப்புக்காற்றைத் தாங்கும் மரங்களை எங்கே வைப்பது என்று என்னிடம் ஓயாமல் பேசினான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

பிறகு நாகராசு மறுபடி அழைத்தார்.

“அம்மா கஞ்சி குடிக்கிறாங்க டீச்சர். எந்திரிச்சு ஒக்காருறாங்க. தோட்டத்தை இப்போதைக்கு விட்டுருவோம்.”

நான் விஷயத்தைச் சொன்னதும், ரொம்ப நல்லது என்று தம்பி மனசாரச் சொன்னான். வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பிளாஸ்டிக் புல் அளக்கப் போனான்.

ஒரு நாள் மத்தியானம் ராஜலட்சுமி அம்மாளைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டேன். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது. மகன் பிளான்ட்டில் இருந்தார். துணைக்கு இருந்த பெண் சாப்பிடப் போயிருந்தாள். கதவு சும்மா சாத்தியிருந்தது.

“யாரு ஆத்தா நீ?” என்று மெதுவாகக் கேட்டார். பேச்சு திரும்பியிருந்தது. தோட்டம் போடுகிறவரின் அக்கா என்றேன். உட்காரச் சொன்னார். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், கொஞ்சம் சாப்பிட்டார். என்ன பூ வைக்கலாம் என்று கேட்டேன். வேலைக்குப் பயன்படும்.

“நந்தியாவட்டை வையிங்க. வெள்ளையாப் பூத்துக் கெடக்கணும். நானே தண்ணி ஊத்துவேன்.”

அவர் தண்ணீர் ஊற்றுவதாக அந்தத் தோட்டம் திட்டமிடப்படவில்லை. தலையணையைச் சரிசெய்யட்டுமா என்று கேட்டேன். சரி என்றார். கொஞ்ச நேரம்தான் மேடம். பிறகு அதைத் திரும்ப அவர் தலைக்கடியில் வைத்து, ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

காரியம் முடிந்ததும் நாகராசு அழைத்தார். தம்பி அமைத்ததிலேயே சிறந்த தோட்டம் அது. அதன் படத்தை முகப்பில் போட்டு, ‘வெள்ளையாகப் பூத்துக் கிடக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்ட நந்தியாவட்டை’ என்று எழுதினேன். உள்ளதைத்தான் எழுதினேன்.

நாகராசு அதைப் படித்துவிட்டு வீட்டுக்கே வந்தார். தம்பியும் இருந்தான்.

“எங்கம்மாவுக்குப் பேச்சு வந்ததே அவங்க போன அன்னைக்குக் காலையிலதான். ஒங்ககிட்ட எப்ப சொன்னாங்க டீச்சர்?”

தம்பி என்னைப் பார்த்தான். அன்றைக்கு மத்தியானம் என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

ராஜலட்சுமி அம்மாளை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். தம்பிக்கு எதுவும் தெரியாது. என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்த அன்றே அவன் ஜெகதாப்பட்டினம் போய், நட்ட செடிகளையெல்லாம் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். இந்த வெயிலில் சரியாக வேர் பிடித்திருக்காது, அதனால்தான் பிடுங்கியிருப்பான். மழை வரட்டும், மறுபடி நடுவான்.