பழைய ஸ்டேஷனில் ஒன்பது அடி

ராத்திரி பத்தரை மணி. மொரப்பூர் ரோட்டில் ஒரே ஒரு சைக்கிள்... வேறு ஆள் அரவம் கிடையாது.

சைக்கிளில் போனவர் பிலவேந்திரன். நம் இன்னாசிராஜுக்குச் சொந்தச் சித்தப்பா. இதோ உம்மென்று உட்கார்ந்திருக்கிறானே, கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொல்லமாட்டான். நடந்தது அறுபத்தாறாம் வருஷம், ஐப்பசி மாதம்.

சித்தப்பா கட்டட ஆபீஸ் ஒன்றில் தற்காலிக வேலையில் இருந்தார். அளவெடுத்துப் படம் போடுவார். எதையும் அளந்துதான் நம்புவார். நாலு வயது மகள் தெரசாவைக்கூட மாதம் ஒருமுறை வாசக்காலில் நிற்கவைத்து, தலைக்கு நேரே சாக்பீஸ் கோடு போடுவார். பிறகு, சரியாகத்தான் அளந்தோமா என்று தூக்கத்திலிருந்து எழுந்துபோய்ப் பார்ப்பார். அப்படி ஒரு மனசு.

அந்த வாரம் அவர் தலையில் விழுந்தது பழைய ஸ்டேஷன். மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்குச் சின்ன ரயில் ஓடிய காலத்தில் கட்டியது. யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடம் மட்டும் நின்றது. கருங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, முன்னால் மூன்று வளைவு. உள்ளே வரிசையாகக் கூடம், டிக்கெட் அறை, விளக்கறை. இடிப்பதற்கு முன் ஆபீசுக்குப் படம் வேண்டும்.

போட்டார். கணக்கு உதைத்தது. வெளியே நீளம் அறுபத்திரண்டு அடி. உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் ஐம்பத்து மூன்று.

ஓவர்சியர் நஞ்சப்பன் எல்லார் முன்னாலும் கேட்டார். "ஒம்பது அடி எங்கய்யா? சின்ன ரயில்ல ஏறி ஓசூர் போயிடுச்சா?" ஆபீசே சிரித்தது. ஓவர்சியர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "காலையில கணக்கு சரியா வந்தா நீ வா. இல்லேன்னா வராத."

வீட்டில் ஐந்து பேர். சம்பாதிப்பது ஒருவர்.

அதனால்தான் அந்த நேரத்தில் சைக்கிள். டேப்பின் முனை பிடிக்கும் மாதுவைக் கூப்பிட்டுப் பார்த்தார். "கழுத்தப் புடிச்சுத் தள்ளுனாலும் ராத்திரியில அங்க வரமாட்டேனுங்க" என்றுவிட்டான்.

உள்ளே வௌவால் நாற்றம். நனைந்த காரையின் வாடை. லாந்தரைத் தரையில் வைத்தார். டேப்பின் பித்தளை வளையத்தைக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, மறுகோடிக்கு நடந்தார்.

அளவு வேலையில் ஒரு பழக்கம் உண்டு. முனை பிடிப்பவன் "வச்சாச்சுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். மறுபக்கத்தில் இருப்பவர் அளவைச் சத்தமாகப் படிப்பார். அவன் அதையே திருப்பிச் சொல்வான். தப்பு வராது.

தனியாக வந்ததை மறந்து, வாய்ப்பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"வச்சாச்சா?"

இருட்டிலிருந்து... "வச்சாச்சுங்க."

உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. பிறகு மூச்சு வந்தது. மாதுதான். மனசு கேட்காமல் பின்னாலேயே வந்துவிட்டான். "எப்படா வந்த?" என்றார். பதில் இல்லை. போகட்டும். வந்தானே, அது போதும். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இருவது அடி."

"இருவது அடிங்க."

டிக்கெட் அறை, பதினாலு. அதிலும் தப்பில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். டிக்கெட் அறைக்கும் விளக்கறைக்கும் நடுச்சுவர். அதில் வாசல் கிடையாது. அதன் கனத்தை மட்டும் அவர் அளக்கவில்லை, ஒன்றரை அடி இருக்கும் என்று தோராயமாக எழுதியிருந்தார்.

சுவரில் கல் ஒன்று விழுந்து, கை நுழையும் அளவுக்கு ஓட்டை. "மாது, விளக்கறைப் பக்கம் போய் முனையை வாங்கு" என்று சொல்லி, வளையத்தை ஓட்டைக்குள் நீட்டினார்.

விரலிலிருந்து வளையம் மெதுவாகப் போனது. தோல் பெட்டியிலிருந்து டேப் சரசரவென்று ஓடியது... நின்றது.

"வச்சாச்சுங்க."

"பத்தரை அடி."

"பத்தரை அடிங்க."

ஒன்றரை என்று எழுதியது பத்தரை. ஒன்பது அடி கிடைத்துவிட்டது. லாந்தரைத் தூக்கிக்கொண்டு, மாதுவைப் பார்க்க விளக்கறைக்கு ஓடினார்.

கதவில் துருப்பிடித்த பூட்டு. மத்தியானம் அவரே பூட்டியது, மறந்துபோயிருந்தார். சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

அப்படியே ஓடிப்போயிருக்கலாம். ஆனால் டேப் ஆபீசுடையது, முனை இன்னும் சுவருக்குள்ளே. திரும்பி வந்தார். "விட்டுடு... புள்ளகுட்டிக்காரன்" என்று கும்பிட்டுவிட்டு டேப்பைச் சுற்றினார். டேப் லேசாக வந்தது. வளையம் மட்டும் கிணற்றுத் தண்ணீர்போலச் சில்லென்றிருந்தது.

காலையில் படம் பாஸ் ஆனது. வேலை தங்கியது.

அடுத்த மாதம் இடித்தார்கள். நடுச்சுவர் ஒரு சுவர் இல்லை. இரண்டு சுவர், நடுவே இருட்டறை. கதவில்லை, ஜன்னலில்லை. உள்ளே ஒரு பொருளும் கிடையாது. பூச்சில் மட்டும் சாக்பீஸ் எழுத்து, நேற்று எழுதியதுபோல.

இருபது. பதினாலு. பத்தரை.

அதற்குக் கீழே இன்னொன்று. மூணடி ஓரங்குலம்.

"இது எந்த எடத்து அளவுங்க?" என்றான் மாது.

சித்தப்பா படத்தை விரித்துப் பார்த்தார். கட்டடத்தில் அப்படி ஓர் அளவே இல்லை. திடீரென்று அவருக்கு வீட்டு வாசக்கால் ஞாபகம் வந்தது. கடைசிக் கோடு... மூன்று அடி. அது போன மாதம்.

சைக்கிளை எப்படி மிதித்தார் என்று அவருக்கே தெரியாது. வந்ததும் வராததுமாகத் தெரசாவை வாசக்காலில் நிறுத்தினார். "வந்து தண்ணிகூடக் குடிக்காம இப்ப என்னாத்துக்குங்க அளவு?" என்றாள் அவர் மனைவி ராஜமேரி.

டேப்பைப் பிரித்த அவசரத்தில் வளையம் நழுவிக் கீழே விழுந்தது.

குழந்தை குனிந்து எடுத்தது. யாரும் சொல்லித் தரவில்லை. வளையத்தைத் தரையில் வைத்து, குதிகாலால் அழுத்தி மிதித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. அதுவரை அப்பனை நீ, வா, போ என்று மட்டுமே கூப்பிட்ட குழந்தை.

"வச்சாச்சுங்க" என்றது.