மீனுக்கென்று வைத்த மருந்து

என் பெயர் இராசலிங்கம் சிவமலர். வயது ஐம்பத்திரண்டு. ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சனில் கணவருடன் வசிக்கிறேன். மீன் பண்ணைகளுக்கு வான் வண்டியில் போய் மீன்களுக்குத் தடுப்பூசி போடும் குழுவில் வேலை செய்கிறேன். எங்கள் குழுத்தலைவர் றெக்ஸ் அம்புலன்சைக் கூப்பிடப் பிந்தியதால்தான் நான் சாகக் கிடந்தேன் என்று என் கணவர் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். அது பற்றி ஆஸ்பத்திரியில் பொலிசுக்கு நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பதில் பொய். அதைத் திருத்த நானாகவே வந்தேன். யாரும் என்னை வெருட்டவில்லை. என்னை வெருட்டுகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை.

சம்பவம் கந்தசஷ்டி விரத காலத்தில் நடந்தது. விரதக்காரி மீனைத் தொடலாமோ என்று, என்னோடு ஒரே மேசையில் நிற்கும் என் கணவரின் தங்கை பிரபாலினி கேட்டாள். தின்னத்தான் கூடாது, ஊசி போடக் கூடாதென்று எங்கே இருக்கிறது என்று அவள் வாயை அடைத்தேன். காலையில் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது மலையும் இல்லை, குளமும் இல்லை, பனிப்புகார் மட்டும் இருந்தது. அதன் பின்பு மயக்கத் தொட்டியில் கராம்பெண்ணெய் விட்டார்கள். ட்ரவுட் மீன்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கின. அதன் பின்பு மேசைக்கு வரும் மீனை இடது கையில் ஏந்தி, வயிற்றில் ஊசியைக் குத்தி, குழாயில் விட, அது வழுக்கிப் போய் அடுத்த தொட்டியில் விழித்துக்கொள்ளும். மருந்தில் இருப்பது செத்த கிருமி. மீனின் உடம்பு அதை அடையாளம் பார்த்து வைத்திருந்து, உயிருள்ள கிருமி வரும்போது அடிக்கும்.

பசியும் கராம்பு வாசமும் சேர்ந்து, நானும் அந்தத் தொட்டிக்குள் மிதப்பது போல இருந்தது. கையில் கிடந்த மீன் கண்ணைத் திறந்தபடி தூங்கியது. இமை இல்லாத இந்தச் சீவனுக்குக் கனவு எந்தப் பக்கத்தால் வரும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போது ஊசி என் பெருவிரலுக்குள் போனது.

ஒருவருக்கும் காட்டாமல் விரலைத் துடைத்துவிட்டு அடுத்த மீனை எடுத்தேன். அதன் பின்பு உள்ளங்கை அரித்துக் கடித்தது, தொண்டை இறுகியது, ஆட்களின் சத்தம் தூரப் போனது. வாங்குப் பலகையில் சரிந்தேன். றெக்ஸ் ஓடி வந்தார்.

“அக்கா, என்ன செய்யுது? அம்புலன்சுக்கு அடிக்கட்டோ?”

“வேண்டாம் தம்பி, விரதக் களைப்பு.”

“ஓம், மச்சாளுக்கு ஒவ்வொரு வருசமும் உப்பிடித்தான்” என்று பிரபாலினியும் சொன்னாள். றெக்ஸ் வேதக்காரர், தமிழ்க் கிறிஸ்தவர். விரதத்தைக் குழப்பிவிடுவேனோ என்று பயந்து, தண்ணீரும் பருக்காமல், தன் ஜாக்கெட்டை என் தலைக்கு வைத்துவிட்டுக் காத்து நின்றார். பக்கத்தில் ஒரு ஜேர்மன்காரர் நின்றிருந்தால் உடனேயே கூப்பிட்டிருப்பார். எங்களுக்குத்தான் விரதம் விளங்கும்.

அதன் பின்பு பனிப்புகார் கொட்டகைக்குள் வந்தது போலவும், மீன்கள் என் முகத்துக்கு மேலே நீந்துவது போலவும் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோசமாக இருந்தது. என் உதடு வீங்குவதைக் கண்டு றெக்ஸ்தான் அம்புலன்சுக்கு அடித்தார் என்று பிறகு அறிந்தேன்.

முன்பும் ஊசி குத்தியதா என்று ஆஸ்பத்திரியில் பொலிஸ் என்னிடம் கேட்டது. இல்லை என்றேன். அதுதான் பொய். வசந்த காலத்தில் ஒரு தடவை குத்தியது, றெக்ஸ் கண்டார். குத்துப்பட்டவர் டொக்டரிடம் போக வேண்டும், பிறகு ஊசி பிடிக்கவே கூடாது என்பது விதி. ஊசி போடும் மேசையால் என்னை எழுப்பிவிடாதே என்று கெஞ்சினேன். அக்காவிடம் ஏலாது என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வரவில்லை. மேலிடத்துக்கு அறிவிக்காமல் விட்டார். அது வெளியே வந்தால் அவர் வேலை போய்விடும் என்றுதான் மறைத்தேன். முதல் ஊசியில் என் உடம்பும் மீனைப் போல மருந்தை அடையாளம் பார்த்து வைத்திருக்கிறது. இரண்டாம் ஊசியில் அடித்தது என்னையே. இன்னுமொன்று குத்தினால் தப்பமாட்டேன் என்று டொக்டர் சொன்னார்.

நேற்றுப் பிரபாலினி தோடம்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தாள். பழத்தை உரிக்க ஏலாமல் திணறினாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். சுட்டுவிரல் வீங்கியிருந்தது.

“எடியே, ஊசியோ?”

“ஓம் மச்சாள், முந்தநாள். றெக்ஸ் அண்ணைக்கும் தெரியாது. முதல் பயந்துதான் போனன். பாருங்கோ, ஒண்டும் செய்யேல்லை! உங்களுக்கு முதல் ஊசியே ஒத்துக்கொள்ளேல்லை, எனக்கு ஒத்துக்கொண்டிட்டுது. இனிக் குத்தினாலும் பயமில்லை.”

எனக்கும் முதல் ஊசி ஒன்றும் செய்யவில்லை, என்னைச் சாய்த்தது இரண்டாம் ஊசிதான் என்று தலையில் அடித்துச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“பொலிசுக்கு இல்லையெண்டுதானே சொன்னீங்கள்? என்னை மேசையால எழுப்பக் கதை விடுறியள்.”

றெக்ஸ் தம்பிக்கு என்னால் வரப்போகும் கேடு எனக்குத் தெரியும். நெஞ்சு எரிகிறது. ஆனால் நாளை காலை வான் வரும், அவள் ஏறிப் போவாள். என் வாய்ச்சொல்லை நம்பாதவள் பொலிஸ் எழுதியதை நம்புவாள். இதை இன்றைக்கே அவளிடம் கொண்டுபோய்க் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியது தமிழில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. அத்தனையும் உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) இ. சிவமலர்