அறியாமை என்று எழுதாதீர்கள்

சீசன் நேரத்தில் தென்காசியில் தண்ணிப்பால் டீதான் கிடைக்கும். உங்கள் ஸ்டேஷன் டீ பரவாயில்லை, சார். நிதானமாகவே சொல்கிறேன்.

அருவிக்கு மேலே காட்டு ஓடையில் நீர்மட்டம் அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அளவுகள் எங்கள் கம்பெனி சர்வருக்கு வரும். மட்டம் திடீரென ஏறினால் சர்வரே பார்த்துக் கீழே சைரன் ஊதும். பழைய அளவுகளை அவ்வப்போது அழித்துவிடுவோம். அழித்தாலும் அவற்றின் தடம் சர்வர் தேடிப் பார்க்கும் பட்டியலில், இண்டெக்ஸில், கிடக்கும். பின்னணியில் ஓடும் கிளீனப் என்ற துப்புரவு வேலைதான் அதைத் துடைக்கும். பந்தி முடிந்து எச்சில் இலையை எடுக்காவிட்டால் அடுத்த பந்தி உட்கார முடியுமா? அப்படித்தான். கிளீனப் நின்றால் சர்வர் அளவைத் தேடி எடுக்க நேரம் இழுக்கும், சைரன் பிந்தும்.

அந்தக் கிளீனப் எப்போது, எவ்வளவு ஓட வேண்டும் என்று அமைத்தது நான். கடையத்திலிருந்து புதிதாக வந்த ஜெயசித்ரா அதை மாற்றினாள். "அண்ணே, ராத்திரி மொத்தமா ஓடுனா பகல்ல குப்பை சேந்துருது. கொஞ்சம் கொஞ்சமா நாள் பூரா ஓடட்டுமே" என்றாள். சைரன் முன்னைவிட வேகமாக ஊதியது. அதை மறுக்கவில்லை. ஆனால் மேனேஜர் எல்லோர் முன்னாலும், "ஏலே ஆவுடை, இந்தப் பிள்ளைட்ட கத்துக்கிடுலே" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் பாஸ்வேர்டு ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். அதைப் போட்டு அவள் பெயரில் நுழைந்து கிளீனப்பை அடியோடு நிறுத்தினேன். ஒருமுறை சைரன் பிந்தினால் போதும், அவள் கெட்டிக்காரத்தனம் சந்தி சிரிக்கும் என்று கணக்குப் போட்டேன். இதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையில் பேய்மழை. ஜெயசித்ரா லீவு. ஓடை செம்மண் நிறத்தில் பொங்கி வருவது கேமராவில் தெரிந்தது. சைரன் ஊதவில்லை. கையால் ஊதவைக்கும் பட்டன் என் மேசையிலேயே இருந்தது. அமுக்கியிருந்தால் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கரையேறியிருப்பார்கள்; அவள் தலையில் நான் கட்டிய தப்பும் வெளியே தெரியாமல் போயிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அருவியில் தலையில் எண்ணெயோடு நின்ற அச்சன்புதூர் பிச்சையாவை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நல்ல மனிதர் என்று சொன்னார்கள்.

நீங்கள் ஜெயசித்ராவைப் பிடித்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அம்மா தங்கத்தாய் என் வீட்டு வாசலில் நின்று, "அவ செய்யலன்னு ஒத்த வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க சொன்னா கேப்பாக" என்று அழுதபோதும் சொல்லவில்லை. இப்போதும் அவளுக்காக வரவில்லை.

நேற்றுப் பேப்பர் பார்த்தேன். 'கிளீனப்பைப் பற்றிய ஊழியரின் அறியாமையே காரணம்' என்று விசாரணையில் முடிவு செய்திருக்கிறார்களாம். அறியாமையா? சர்வரும் விழாமல், யார் கண்ணிலும் படாமல் அதை அப்படி நிறுத்த இந்த வட்டாரத்தில் வேறு யாருக்குத் தெரியும்?

அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள், சார். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். பட்டனையும் தெரிந்துதான் தொடவில்லை. என் பெயர் ஆவுடைநாயகம், ஊர் இலஞ்சி. பேப்பர்காரர்கள் வந்தால் பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லுங்கள்.