ஜன்னலோரப் புறாக்கூண்டு

புறா வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். பறவையை வாங்கி வந்த பிறகு கூண்டுக்குப் பலகை தேடுகிறார்கள். வாசலில் நிற்கிற உங்கள் காவலர் என் புறாக்களைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனிதர். அவருக்குத் தெரிய வேண்டியதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், சார். நீங்கள் கேட்டதும் அதற்குள் வந்துவிடும்.

கூண்டில் காலை வெயில் விழ வேண்டும், சாரல் விழக் கூடாது. வளர்ந்த புறாவை வாங்கவே கூடாது. என்னதான் பார்த்துப் பார்த்துத் தீனி வைத்தாலும், கதவைத் திறந்த அன்றே பழைய வீட்டைப் பார்த்துப் பறந்துவிடும். தானாகக் கொத்தித் தின்னத் தொடங்கிய குஞ்சாக வாங்குங்கள். வலைக்கு வெளியே தெரிகிற கூரைகளை அது பார்த்துப் பழக வேண்டும். பிறகு பசியோடு வெளியே விட்டுத் தீனி டப்பாவை ஆட்டினால், வந்துவிடும். வயிறு நிறைந்த பறவை வராது. ஜோடி இல்லாத பறவையை மட்டும் கூண்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். சும்மா இருக்காது. அடுத்ததன் கூட்டைக் கலைக்கும், முட்டையை உருட்டிவிடும்.

எனக்கு முதல் குஞ்சுகளைக் கொடுத்தவர் ஒரு தச்சர். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு இருமல் மருந்துக்காக வருவார். கூண்டையும் அவரே செய்து கொடுத்தார்.

"தூசிதாம்மா. எறகுலேர்ந்து மாவு மாதிரி உதிரும், தண்ணியில பாத்தா வெள்ளையா மிதக்கும். எனக்கு நெஞ்சு சேரல. குடுத்துடு, இல்லன்னா நுரையீரல் கட்டையாயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். உங்க வீட்டுல யாருக்காவது இருமல் வந்தா யோசிக்கவே யோசிக்காதீங்க. அன்னைக்கே கை மாத்திடுங்க" என்றார்.

எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. ஆனாலும் எச்சத்தை நனைத்துவிட்டுத்தான் சுரண்ட வேண்டும், மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும். காவலரிடம் இதை அவசியம் சொல்லுங்கள். தச்சர் பிறகு ஒருநாள் மனைவியின் மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வந்தார். இருமல் போன இடம் தெரியவில்லை.

என் தம்பிக்கு இருமல் தொடங்கியது, அவன் கட்டிக்கொள்ள இருந்த டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கிய சமயத்தில். அவன் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் இருந்தான். அம்மா போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. எனக்கு வந்த வரன்களை, அவன் படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று தள்ளிவிட்டேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பெண் நல்ல பெண் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

"கல்யாணத்துக்கப்புறம் அவங்க ஸ்கூல் பக்கமா வீடு பாக்கலாம்னு இருக்கோம்க்கா. நீயும் அப்பப்ப வந்துட்டுப் போ" என்றான்.

அப்பப்ப என்ற சொல்லைக் கொஞ்ச நாள் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

புறாக்கள் மேல் அவனுக்கு உயிர். லீவு நாளில் கூண்டைச் சுத்தம் செய்வது அவன்தான். செய்த அன்று சாயங்காலமே காய்ச்சல் அடிக்கும், படி ஏறினால் இரைக்கும். முதலில் சளி என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் உதடு நீலம் பூத்துப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவனை உள்ளே படுக்க வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் வந்தார்.

"வீட்டுல கோழி, கிளி, புறா, ஏதாவது வளக்கறீங்களாம்மா?"

"இல்லைங்க டாக்டர். பெயின்ட் பட்டறையில வேலை பாக்கறான்."

"ஓ, அப்ப அதுதான். முதல்ல அந்த வேலைய விடச் சொல்லுங்க."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. வாயில் வந்தது. வந்த பிறகு அதை மாற்றிச் சொல்லக் காரணம் எதுவும் தெரியவில்லை.

வேலையை விட்டான். கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை தேறுவான், வீட்டுக்கு வந்தால் படுத்துவிடுவான். சம்பாதிக்கவில்லையே என்று கூசிப்போவான். நான் எதற்கு இருக்கிறேன் என்பேன். மொட்டை மாடியின் அந்தக் கோடியில் இருந்த கூண்டை, அதே மாடியில் இருக்கும் அவன் அறை ஜன்னலோரத்துக்கு மாற்றினேன். படுத்தபடியே பறவைகளைப் பார்க்கலாமே என்றேன். ரொம்பச் சந்தோஷப்பட்டான்.

ஒருநாள் தலையணையில் சாய்ந்தபடி கேட்டான்: "அக்கா, இந்தப் புறாங்களால இருக்குமோ?"

"டாக்டர்கிட்ட கேட்டேன்டா. அதெல்லாம் ஒண்ணுமில்லன்னுட்டார்."

"அப்ப சரி" என்றான். நான் சொன்னால் நம்புவான். குழந்தையிலிருந்தே அப்படித்தான்.

டீச்சர் அப்படியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது ஜன்னல் கட்டையை விரலால் வழித்துப் பார்த்தாள்.

"இது என்னக்கா, வெள்ளையா?"

"சுண்ணாம்பு உதிருதும்மா. பழைய சுவரு."

அவள் விரலையும் கூண்டையும் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "நாளைக்கு வண்டி கொண்டாரேன். அவரு கொஞ்ச நாள் எங்க வீட்டுல இருக்கட்டும்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். கண் விழித்ததும் அவனிடமும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று அவன் மாடிப்படி வரைக்கும் தானே நடந்து பார்த்தான். துணிமணியை எடுத்து வைக்கச் சொன்னான்.

எடுத்து வைத்தேன். காலையில் அவன் பல் தேய்த்துவிட்டு வந்து படுத்ததும் கூண்டைச் சுத்தம் செய்யப் போனேன். நனைக்கவில்லை. புறாக்கள் முட்டையிடும் தட்டுகளை எடுத்து ஜன்னல் கம்பியில் தட்டினேன். தரையை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்கினேன். நான் முகத்தைக் கட்டியிருந்தேன். உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெயிலில் தூசி அறைக்குள் போவது தெரிந்தது, புகை மாதிரி.

"அக்கா, ஜன்னலைச் சாத்தேன்" என்றான்.

"இதோ ஆச்சுடா" என்றேன்.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது குரல் வரவில்லை. அதற்குள் கீழே வண்டி வந்துவிட்டது.

நீங்கள் கொலை என்று எழுதிக்கொள்ளலாம். நான் மறுக்கப் போவதில்லை. புறா என்று தெரியும், என்ன ஆகும் என்று தெரியும், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் சாகட்டும் என்று செய்யவில்லை. அன்றைக்குப் போக முடியாத அளவுக்கு முடியாமல் போனால் போதும் என்று நினைத்தேன். அளவு தவறிவிட்டது. அவ்வளவுதான்.

எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். டீச்சர் சொல்லியிருக்கும் ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள். அவள் மேலே ஓடி வந்தபோது அவன் கட்டிலை விட்டு எழுந்து கதவைப் பார்த்து வரத் துடித்தானாம், நான் அவன் கையை விடாமல் அமுக்கியிருந்தேனாம், அவன் உதறிக்கொண்டே இருந்தானாம். அவளுக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்? அவன் உதறவில்லை, சார். அவன்தான் என் கையைப் பிடித்திருந்தான்.