பிரான்சா, இங்கிலாந்தா?

திண்டிவனம் இங்கிலீஷ்காரர்களிடமும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமும் இருந்த காலம். விழுப்புரம் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு திண்டிவனத்துக்காரரும் அவருடைய புதுச்சேரி மச்சானும். பின்னால் திண்டிவனத்துக்காரரின் மனைவியும் மகளும். மகளை விக்கிரவாண்டி ஹைஸ்கூலில் சேர்க்க அன்றுதான் கடைசி நாள்.

“படிப்புக்குச் செலவு பண்றதுன்னா எங்க பிரான்சு சர்க்காருதான், மாமா.”

“போ மச்சான். இங்கிலாந்துல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குச் சும்மாவே பாலு ஊத்துறாங்க.”

“பிரான்சுல ஒயினே ஊத்துறாங்க!”

“அது படிப்புச் செலவா, குடிச் செலவா?”

“சனிக்கிழமையானா நீங்களே எங்க ஊருக்கு வந்து படிச்சிக்கினுதானே போறீங்க?”

பஸ்ஸே சிரித்தது. அவர் மனைவி மட்டும் எழுந்து நின்று கத்தினார்.

“ரெண்டு தேசமும் ஜல்தியா எறங்குங்க! விக்கிரவாண்டி பின்னால போய்க்கினு இருக்குது!”

கண்டக்டர் விசில் ஊதினார். மகள்தான் முதலில் குதித்தாள். பிரான்சும் இங்கிலாந்தும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடின.