தாய்மாமனுக்கு வைத்த வெற்றிலை

காதல் கதையில் இருவரும் ஒத்துப்போய்விட்டால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார், சார். தொடர்கதை எழுதுகிற எவரும் இதைத்தான் சொல்வார்கள்.

என் தொடரில் அதுதான் கோளாறு. பெரம்பலூரில் ஒரு டைப்பிங் கடையில் என் கையெழுத்துப் பிரதியை வாராவாரம் டைப் அடித்துக் கொடுப்பவள் மேகலா. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் சக்தி அவள் காதலன். இருவரையும் பெயர் மாற்றிக் கதையில் வைத்தேன். அது அவளுக்கும் தெரியும்.

“என்ன சார், இந்த வாரமும் ஜூஸ் குடிச்சிட்டு வூட்டுக்குப் போறாங்களா? அடிக்கிறப்ப எனக்கே தூக்கம் வருது.”

“நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டாத்தானே நான் எழுத முடியும்?”

“அவருக்குச் சண்டை போடத் தெரியாது சார். நீங்க ட்ரெய்னிங் குடுங்க.”

கொடுத்துப் பார்த்தேன். கடைக்கு வரும் ஒருவனிடம் அவள் சிரித்துப் பேசுவதாகச் சக்தியிடம் சொன்னேன். “அது சிரிக்கலேன்னாத்தான் சார் பயம்” என்றான். அவனுக்கு வேறு பெண் பார்ப்பதாக அவளிடம் சொன்னேன். “பாவம் அந்தப் பொண்ணு” என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். எவ்வளவு எரிச்சலாக இருக்கும், யோசித்துப் பாருங்கள். மோதல் வராவிட்டால் தொடரை நிறுத்திவிடுவதாகப் பத்திரிகை ஆசிரியர் வேறு சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள். மேகலாவின் வீட்டில் நிலம் உண்டு. சக்தியின் பாட்டனார் அப்படிப்பட்டவர்களின் வயலில் கூலிக்கு நின்றவர். “எங்க மாமாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாரு சார். சும்மா சொல்லல” என்றாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் வெற்றிலை தாய்மாமனுக்குத்தான். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு விக்கிரமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். மாமா குருநாதன் வாசலிலேயே நின்றிருந்தார்.

“மேகலா அனுப்புச்சுங்க. வர்ற முகூர்த்தத்துல அரியலூர் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். மொத வெத்தல ஒங்களுக்கு வைக்கணும்னு சொல்லிச்சு.”

“மாப்ள யாருங்க?”

பெயரையும் தெருவையும் சொன்னேன். அவர் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிச்சிட்டுப் போங்க.”

மரியாதையான மனிதர். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

கல்யாணத்தன்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில், சாட்சி என்ற முறையில், நானும் நின்றேன். காரிலிருந்து குருநாதனும் இன்னும் மூன்று பேரும் இறங்கினார்கள். அரிவாளைப் பார்த்ததும் மேகலா, “சார், நீங்க ஓடிருங்க” என்று என்னைப் பார்த்துத்தான் கத்தினாள். சக்தி அங்கேயே செத்து விழுந்தான். தடுக்கப்போன அவளுக்கு வலது கை போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும், “ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலியே சார்?” என்று கேட்டாள். அந்த வரியோடு அந்த வார அத்தியாயத்தை முடித்தேன். நன்றாக வந்திருந்தது. தொடரை நீட்டச் சொல்லிவிட்டார்கள்.

வெட்டுவார் என்று தெரிந்துதான் போனேன். ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர்களைப் பிரிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, சார்.